குழந்தைகளின் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடுகள்

மரபணுப் பிழையால், கிருமிகளை எதிர்க்கும் உடலின் ஏற்பாட்டில் ஏதேனும் ஒரு கூறு பிறவியிலேயே இல்லாமலோ வேலை செய்யாமலோ போகும் நோய்களின் தொகுதி இது. எய்ட்ஸாலும் ஊட்டக்குறைவாலும் பின்னாளில் வரும் எதிர்ப்புக்குறை இதில் சேராது. இதுவரை 400-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதற்குக் காரணமாக அறியப்பட்டுள்ளன.

1952-இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், தொற்று மாறி மாறி வந்துகொண்டிருந்த 8 வயதுச் சிறுவன் ஒருவனின் இரத்தத்தில் காமா குளோபுலின் இல்லாததைக் கண்டார். அதை ஊசியில் கொடுத்ததும் சிறுவன் தேறினான். புரூட்டன் நோய் எனப்படும் இக்குறைபாடுள்ள குழந்தைகள் முதல் ஆறு மாதம் நன்றாகவே இருப்பார்கள். கருவில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் தீர்ந்த பிறகுதான் காதில் சீழ், நிமோனியா எல்லாம் தொடங்கும்.

பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பன், குப்பம்மாள், பிச்சை என்று பேரிடுவது தமிழ்நாட்டுப் பழைய வழக்கம். அந்த நாள் சிசு மரணங்களில் பெரும்பாலானவை வயிற்றுப்போக்கு, ஜன்னி போன்றவற்றால் நேர்ந்தவை. இந்த நோய்களும் அவற்றுக்குள் மறைந்தே கிடந்திருக்கும். புரூட்டன் நோய் எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் தாய்வழி ஆண்பிள்ளைகளையே தாக்கும். தாய்மாமன்கள் யாரும் சிறுவயதில் இறந்தார்களா என்று மருத்துவர் கேட்டால், தாய்க்குத் தெரியாத பதில் பாட்டியிடம் இருக்கும். என் கணக்கில் முதல் பரிசோதனை அதுதான், காசும் கிடையாது.

சொந்தத்துக்குள் திருமணம் வேறு கதை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. பெற்றோர் இருவரும் ஒரே பிழையைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோய்க்கு நான்கில் ஒரு வாய்ப்பு. அக்காள் மகளைக் கட்டினால் அத்தை மகளைக் கட்டுவதைவிட இந்த ஆபத்து கூடுதல். ஆனால் எக்ஸ் வழி நோய்க்கு உறவுத் திருமணம் காரணமல்ல. அங்கும் பழியை அதன்மேல் போடுவது தவறு.

கடுமையானது, டி அணுக்கள் என்னும் லிம்போசைட் வகை வெள்ளணுக்களே இல்லாத கூட்டுக் குறைபாடு. வாய்ப்புண், நிற்காத பேதி, எடை ஏறாமை என்று வரும் குழந்தையைச் சவலை என்று விட்டுவிடுவதுண்டு. சாதாரண இரத்த அணு எண்ணிக்கையே துப்புக் கொடுக்கும்: பெரியவர்களுக்கு 2,000 லிம்போசைட் இயல்பு, கைக்குழந்தைக்கு 3,000-க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். வயதைப் பாராமல் தாளைப் படித்தால் இது தப்பிவிடும். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி இவர்களுக்கு உடலெங்கும் பரவும் நோயாகலாம். இடது அக்குளில் நெறிகட்டுவது முதல் அடையாளமாக இருக்கக்கூடும். மற்றக் குழந்தைகளுக்கு அந்த ஊசி அவசியமே. அமெரிக்காவில் 2018-க்குள் எல்லா மாநிலங்களும் குதிகால் இரத்தச் சொட்டில் இக்குறைபாட்டைத் தேடத் தொடங்கின. இந்தியாவில் நாடு தழுவிய அத்தகைய திட்டம் இல்லை.

தொப்புள்கொடி ஒரு மாதமாகியும் விழாமலிருப்பதும், புண்ணில் சீழ் வைக்காததும் இன்னொரு வகையின் அடையாளம். அதில் வெள்ளணுக்கள் இரத்தத்தில் ஏராளமாக இருந்தும் புண்ணுக்குப் போய்ச் சேராது.

நெல் விளையும் காவிரி டெல்டாவில் தனியாகக் கவனிக்க வேண்டியது நாள்பட்ட கிரானுலோமா நோய். இதில் வெள்ளணு கிருமியை விழுங்கும், கொல்லத் தெரியாது. பழைய வைக்கோலிலும் மக்கிய எருவிலும் இருக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இவர்கள் நுரையீரலில் வேர்பிடிக்கும். வெப்பநாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும், ஊதா நிறத்தில் வளரும் குரோமோபாக்டீரியமும் ஆபத்தானது. போர் பிரிக்கும் இடத்துக்கும் எருக்குழிக்கும் இக்குழந்தையை அனுப்பக்கூடாது. களத்தில் வளரும் பிள்ளையிடம் அதைச் சொல்வது எளிதல்ல. சோதனையில், மஞ்சள் சாயத்தோடு வெள்ளணுக்களைச் சேர்த்துத் தூண்டினால் கருநீலமாக வேண்டும். நிறம் மாறாவிட்டால் இந்நோய்.

புரூட்டன் நோய்க்கு மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. கூட்டுக் குறைபாட்டுக்கு வழி எலும்பு மஜ்ஜை மாற்று. 1968-இல் மினசோட்டாவில் முதலில் வென்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மஜ்ஜை மாற்று 1986-இலேயே தொடங்கியது. இங்கே ஒரு விநோதம்: உறவுத் திருமணக் குடும்பங்களில் பொருத்தமான கொடையாளர் சொந்தக்காரர்களிலேயே கிடைக்கும் வாய்ப்பும் கூடுதல்.

அரிய நோய்களுக்கான 2021-ஆம் ஆண்டு தேசியக் கொள்கை, ஒரே சிகிச்சையில் குணமாகக்கூடியவற்றின் பட்டியலில் இந்தக் கூட்டுக் குறைபாட்டைச் சேர்த்திருக்கிறது. 2022-இல் உதவி வரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. அதே ஆண்டு ஜனவரியில் நாகப்பட்டினத்துக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆனாலும் அம்மாவட்டத்துக் கோடியக்கரைக் குடும்பம் ஒன்றுக்கு மஜ்ஜை மாற்று என்றால் இன்னும் சென்னை, வேலூர் போன்ற தொலைவான ஊர்களுக்குப் பயணம்தான். பிள்ளையோடு மாதக்கணக்கில் அங்கே தங்கவும் வேண்டும்.