பஞ்சாலைத் தூசியும் மூட்டு வலி ஊசியும்

கொரோனா வந்துபோன நாளிலிருந்து நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் "எதிர்ப்பு சக்தியைக் கூட்டுங்கள்" என்ற செய்தி வராத வாரமே கிடையாது. எதிர்ப்பு சக்தி கூடக் கூட உடம்புக்கு நல்லது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அது எவ்வளவு தூரம் சரி என்று சொல்லும் ஒரு சரித்திரம் உண்டு. அதன் ஒரு முனை பஞ்சாலைத் தொழிலாளியின் நெஞ்சில் இருக்கிறது. மறுமுனை நம்மில் பலருடைய முழங்காலில் இருக்கிறது.

ராஜபாளையம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நாய் ஞாபகம் வரும். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும். ஆனால் அந்த வட்டாரத்தின் பிழைப்பு பஞ்சு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன் பிறகு ஊரைச் சுற்றி ஆலைகள் பெருகின. பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் ஓடி, ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணி தயாராகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். 2, எஸ்.வி.பி.ஆர். 4 என்று விவசாயிகள் சொல்லும் பருத்தி ரகங்களின் பெயர் இந்த ஊரின் பெயரிலிருந்து வந்ததுதான்.

ஆக, பருத்திச் செடிக்கு அங்கேயே ஆராய்ச்சிக்கூடம் உண்டு. அந்தப் பருத்தியைச் சுவாசிக்கிற நுரையீரலைப் பற்றிய ஆராய்ச்சி எல்லாம் வேறு எங்கோ, மெதுவாக, நடந்தது.

மில்லுக்குள் பஞ்சு வந்ததும் முதலில் சிப்பத்தைப் பிரித்து ப்ளோ ரூமில் உதறுவார்கள். அடுத்தது கார்டிங், அதாவது பஞ்சைச் சீவுவது. தூசி அதிகம் பறப்பது இந்த இரண்டு இடங்களிலும்தான். நார் சீவும் வேலைக்காரர்களுக்கு இருமலும் இளைப்பும் வருவதை இத்தாலிய வைத்தியர் ரமாசினி 1700-லேயே எழுதி வைத்தார். அவர் பார்த்தது சணலும் ஆளி நாரும். பஞ்சாலைக்காரர்களின் நோய்க்குப் பிற்காலத்தில் பிஸ்ஸினோஸிஸ் என்று பெயர் வந்தது.

இந்த நோய்க்கு ஒரு விசித்திரமான குணம். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள்தான் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும். அடுத்தடுத்த நாட்களில் குறைந்துவிடும். அதனால் இங்கிலாந்தில் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே பெயர். நம் ஊரில் வார விடுமுறை எந்தக் கிழமையோ, அதற்கு மறுநாள்தான் தொழிலாளிக்குத் திங்கட்கிழமை. லீவு முடிந்து வந்ததும் முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் மேஸ்திரி என்ன நினைப்பார்? வேலைக்கு வர மனசில்லை என்றுதான். நோயின் குணமே நோயாளியைப் பொய்யனாகக் காட்டியது.

1950-களில் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த டாக்டர் ரிச்சர்ட் ஷில்லிங் இதை மாற்றினார். அவர் பெரிய கருவி எதையும் நம்பி இறங்கவில்லை. "வாரத்தின் முதல் நாளில் நெஞ்சு இறுக்கமாக இருக்கிறதா? மற்ற நாட்களிலும் இருக்கிறதா?" என்று முறையாகக் கேட்டு, பதிலை வைத்து நோயைப் படிப்படியாகப் பிரித்தார். ஆரம்பப் படியில் இருப்பவரைத் தூசியிலிருந்து மாற்றினால் சரியாகும். கடைசிப் படிக்குப் போனவருக்கு நுரையீரல் திரும்பக் கிடைக்காது. எந்தப் படியில் கேட்கிறோம் என்பதில்தான் ஒரு மனிதனின் மீதி வாழ்க்கை இருக்கிறது.

சரி, தூசியில் அப்படி என்ன இருக்கிறது? பஞ்சோடு சேர்ந்து வரும் காய்ந்த இலைத்துணுக்குகளில் ஒருவகை பாக்டீரியாக்கள் குடியிருக்கும். அவை செத்தாலும் அவற்றின் மேலுறையிலுள்ள எண்டோடாக்ஸின் என்ற நச்சு அப்படியே இருக்கும். 1987-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் சோதனைக்காகவே ஒரு கார்டிங் அறையை அமைத்து, அதில் தொண்டர்களை உட்காரவைத்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவு வெளியானது. மூச்சுத் திறன் குறைந்தது தூசியின் எடைக்குத் தக்கபடி அல்ல. தூசியிலிருந்த எண்டோடாக்ஸினின் அளவுக்குத் தக்கபடி.

இந்த நச்சு நுரையீரலை நேரே அரிப்பதில்லை. செத்த பாக்டீரியாவின் உறையைப் பார்த்த நம் எதிர்ப்பு அணுக்கள், உயிருள்ள கிருமி படையெடுத்து வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கின்றன. கலவரமே நடக்காத தெருவில் தடியடி நடத்துவது போல, வீக்கத்தையும் அழற்சியையும் அவைதான் உண்டாக்குகின்றன. நாள்தோறும் அதே தூசி வந்தால் அணுக்கள் கொஞ்சம் பழகி அடங்குகின்றன, லீவு விட்டால் பழக்கம் விட்டுப்போகிறது என்று முதல் நாள் இறுக்கத்துக்கு விளக்கம் சொல்கிறார்கள். ப்ரூஸ் ப்யூட்லரின் குழு 1998-இல் எண்டோடாக்ஸினை அடையாளம் காணும் அணுவின் "காவல்காரனை" எலிகளில் கண்டுபிடித்தது. அதற்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது.

முழங்காலுக்கு வருவோம். 1975-இல் நியூயார்க் விஞ்ஞானிகள், காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைப் போட்ட எலிகளுக்கு இதே எண்டோடாக்ஸினையும் கொடுத்துப் பார்த்தார்கள். எலியின் ரத்தத்தில் புற்றுக்கட்டியை அழிக்கும் ஒரு பொருள் சுரந்தது. அதற்கு டி.என்.எஃப். என்று பெயர் வைத்தார்கள். புற்றுநோய்க்கு மருந்து என்ற எதிர்பார்ப்பு பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் அழற்சியைக் கிளப்பிவிடும் முக்கியமான தூதுவன் அது என்பது பிறகு தெரிந்தது.

லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் முடக்குவாதக்காரர்களின் மூட்டுச் சவ்வைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். அங்கேயும் டி.என்.எஃப். கிருமி எதுவும் இல்லாமலே மூட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. அந்தத் தூதுவனைத் தடுத்தால் மற்ற அழற்சிப் பொருட்களும் குறைவதைக் கண்டார்கள். 1992-இல் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு முதன்முதலாக இன்ஃப்ளிக்ஸிமேப் என்ற மருந்தை ஏற்றினார்கள். வீக்கமும் வலியும் வேகமாகத் தணிந்தன. இன்று முடக்குவாதத்துக்குப் போடும் பல ஊசிகள் இந்த வழியில் வந்தவை. (வயசானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, அதற்கு இந்த ஊசி கிடையாது.)

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. உடம்புக்குள் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி எதிர்ப்பு அணுக்கள் கட்டும் மதில் நிற்பதற்கு அதே டி.என்.எஃப். வேண்டும். அதைத் தடுத்தால் மூட்டு ஆறும், நெஞ்சில் மதில் இடியும். இன்ஃப்ளிக்ஸிமேப் போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்குக் காசநோய்த் தொற்று இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வராது, மதில் காப்பாற்றும். ஆகவே முடக்குவாதத்துக்கு இந்த வகை ஊசி போடுமுன் காசநோய்ப் பரிசோதனை ஆகிவிட்டதா என்று டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.

பஞ்சாலை நெஞ்சுக்கு அப்படி ஓர் ஊசி வரவில்லை. அதற்கு மருந்து தூசியைக் குறைப்பதுதான். அமெரிக்கா 1978-இல் நூற்பாலைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் தூசிதான் இருக்கலாம் என்று விதித்தது. ஆலை முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1981-இல் விதியே ஜெயித்தது. நம் நாட்டில் 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும், இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையிலும் இந்த நோய் தொழில்நோயாக இடம்பெற்றது. ஆனால் அட்டவணையில் பெயர் இருந்தால் போதாது, நோயாளியின் சீட்டிலும் அந்தப் பெயர் ஏற வேண்டும். பீடியாலோ ஆஸ்துமாவாலோ வந்த இருமல் என்று எழுதிவிட்டால் நஷ்டஈட்டுக் கணக்கே திறக்காது.

நம் குடியிருப்பிலும் பஞ்சாலையில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அப்பாக்கள், அம்மாக்கள் இருப்பார்கள். பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் அவர்களை இருமலுக்காக டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, என்ன வேலை பார்த்தார்கள், எந்தப் பிரிவில், எத்தனை வருடம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.