மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் ஒட்சிசன் உணரியும்

மன்னார் மாவட்டத்தின் நானாட்டான் பிரிவிலே, வங்காலைக்கு அப்பால், கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய வயற்பரப்புக்குள் நறுவிலிக்குளம் இருக்கிறது. நறுவிலி என்பது ஒட்டும் பசையுள்ள பழம் தரும் மரம். பேர் வைத்தவர்கள் மரத்தையும் குளத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

சென்ற முறை அங்கு போயிருந்தபோது ஒரு வீட்டு முற்றத்தில் கண்ட காட்சிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வாடகைக்கு ஓடும் பழைய ஜப்பானியக் கார் ஒன்று, முன்மூடி திறந்தபடி நின்றது. வீட்டு இளைஞர் அதன் ஒட்சிசன் உணரியைக் கழற்றி, பால்மா ரின்னில் பெற்றோல் ஊற்றி, அதற்குள் ஊறவைத்திருந்தார். கையில் பழைய பற்தூரிகை. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிகிறதாம். எண்ணெய்ச் செலவும் கூடிவிட்டதாம். புதிய உணரி வாங்குவதென்றால் பல நாள் வாடகை வருமானம் போய்விடும்.

"பிளக் கழுவுற மாதிரித்தானே ஐயா இதுவும்?" என்று என்னிடம் கேட்டார். திண்ணையில் இருந்த தகப்பனார் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பெரிய வரலாறு ஒன்று இருக்கிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், வடக்கிற்குச் செல்லும் பொருள்கள் மீது அரசு பொருளாதாரத் தடை விதித்தது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, உரம் என்று பட்டியல் நீண்டது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சாதாரண மக்களுக்கு ஓரளவேனும் கிடைத்த எரிபொருள் மண்ணெண்ணெய் ஒன்றுதான், அதுவும் பங்கீட்டில். பிள்ளைகள் படிப்பதற்கு ஜாம் போத்தல் விளக்கு எரிக்கவும் அதுதான், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் ஓடவும் அதுதான். எதற்கு ஊற்றுவது என்பதை ஒவ்வொரு வீடும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நான் சார்ந்த தொழிலும் தப்பவில்லை. நாளிதழ்கள் கோடிட்ட அப்பியாசப் புத்தகத் தாளில் அச்சாகி வந்த காலம் அது.

அந்நாளில் கைகொடுத்தவை, பழசென்று ஒதுக்கப்பட்டிருந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பொன்போலச் சேமித்த பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். பின்னால் வெண்புகை, வீதி முழுவதும் அடுப்பங்கரை வாசம்.

இது நமது கண்டுபிடிப்பு என்று பெருமைப்படுவோர் உண்டு. பெருமையில் பாதிதான் நியாயம். இங்கிலாந்தில் 1940களின் இறுதியிலேயே பேர்குசன் உழவு இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய் சார்ந்த மலிவு எரிபொருளுக்கு மாறி ஓடின. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகக் குறைவு. அழுத்தம் கூடிய எஞ்சினில் அது தானாக வெடித்து உள்ளே 'தட்டும்'. பழைய ஒஸ்ரினும் மொறிஸும் குறைந்த அழுத்த விகிதம் கொண்டவை என்பதால் பொறுத்துக்கொண்டன. தொழிற்சாலை செய்ததை, உதிரிப்பாகமும் கையேடும் இன்றி முற்றத்தில் வைத்துச் செய்ததுதான் நம்மவர் சாதனை.

அதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையத்தைத் தாண்டி ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்தது. பிளக்கில் கரி அப்பியது. எனவே அடிக்கடி பிளக்கைக் கழற்றுவதும், கம்பித் தூரிகையாலும் மண்கடதாசியாலும் உரசுவதும், இடைவெளி பார்த்து மறுபடி பூட்டுவதும் அன்றாட வேலையாயின. அந்த வேலையிலே ஒரு கல்வியும் இருந்தது. பிளக்கின் முனை இளம் மண்ணிறமாக இருந்தால் எரிதல் சரி. கறுத்திருந்தால் எண்ணெய் கூட அல்லது காற்றுக் குறைவு. வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. தகப்பனார் அந்தப் பள்ளியில் படித்தவர். நிறத்தைப் பார்த்தே கார்புரேற்றர் திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்லக்கூடியவர்.

அவர் கண்ணும் மூக்கும் செய்த வேலையை இன்று ஒட்சிசன் உணரி செய்கிறது. சூடான சேர்க்கோனியா மட்பாண்டத்தின் ஊடாக மின்னூட்டம் செல்லும் என்பதை 1890களின் இறுதியில் ஜேர்மானிய விஞ்ஞானி வால்தர் நேர்ன்ஸ்ற் தமது விளக்குக்குப் பயன்படுத்தினார். அந்த அறிவைக் கொண்டு பொஷ் நிறுவனம் செய்த உணரி 1976இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட வொல்வோ கார்களில் முதலில் பூட்டப்பட்டது. பிளாட்டினம் பூசிய சிறு சேர்க்கோனியாக் குழல். வெளிப்புறம் புகைக்குழாய்க்குள், உட்புறம் வெளிக்காற்றுக்கு. ஏறத்தாழ 300 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடானால், இரு பக்க ஒட்சிசன் வித்தியாசத்தை மின்னழுத்தமாகக் காட்டும். எண்ணெய் மிகுந்தால் 0.9 வோல்ற் அளவு. காற்று மிகுந்தால் 0.1. ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கைக் கணினி இதை வைத்தே காக்கிறது.

இதன் முதற்பகைவன் ஈயம். ஈயம் கலந்த பெற்றோலை இலங்கை 2002இல் கைவிட்டது. பொருளாதாரத் தடை நீங்கியதும் அதே ஆண்டில்தான். 2009இல் போர் முடிந்தபின் கணினி பூட்டிய பாவித்த ஜப்பானியக் கார்கள் வடக்கில் பெருகின. ஒஸ்ரின்கள் திருமண ஊர்வலத்துக்கு ஒதுங்கின.

பிறகு வந்தது 2022. ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. மண்ணெண்ணெய் ஆகஸ்ட் வரை 87 ரூபா. ஆகஸ்டில் அது 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, மண்ணெண்ணெயில் படகு ஓட்டும் மன்னார்க் கடற்றொழிலாளரின் வயிற்றில் அடி விழுந்தது. அதற்கு முந்திய மாதங்களில் அந்த விலை இடைவெளி பழைய நினைவுகளைக் கிளறியது. ஆனால் 1990களில் செய்ததை இந்தக் கார்களில் செய்ய முடியாது. எஞ்சின் தட்டும், உணரி கரியில் மூடும், புகைச் சுத்திகரிப்பான் பாழாகும்.

இனி, பால்மா ரின்னுக்கு வருவோம். உணரியைக் கழுவுமாறு தயாரிப்பாளர் எவரும் சொல்வதில்லை. ஈயம், சிலிக்கோன், ஒயிலின் சாம்பல் ஆகியவை பிளாட்டினத்தில் ஒருமுறை படிந்தால் எந்தக் கழுவலுக்கும் போகா. புதிது போடுவதே வழி. வெறும் கரி என்றால் எஞ்சினைச் சீர்செய்து நெடுந்தூரம் ஓட்ட, அந்தச் சூட்டிலேயே எரிந்துபோகும். கம்பித் தூரிகை போட்டால் உள்ளிருக்கும் மட்பாண்டம் வெடிக்கலாம். முழுதாக அமிழ்த்தினால் வெளிக்காற்றை எடுக்கும் பின்புறத்துக்குள் பெற்றோல் இறங்கிவிடும். பெற்றோல் ஊறிய பொருளைக் கொதிக்கும் குழாயில் பூட்டுவதன் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் இவ்வளவையும் விளக்கத் தொடங்குமுன் தகப்பனார் எழுந்து வந்தார். உணரியை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். காய்ந்த, பஞ்சுபோன்ற கரி.

"உதைக் கழுவி என்ன தம்பி? கரி எங்கயிருந்து வருது எண்டு பார் முதல்."

காற்று வடியைக் கழற்றினார்கள். வயல்வெளிச் செம்புழுதி அப்பி, மறுபக்கம் வெளிச்சமே தெரியவில்லை. மகன் அதைத் தூணில் தட்டத் தொடங்கினார். புழுதி பறந்தது. புதிய வடி வாங்க முருங்கன் கடைக்குப் போவதென்று தீர்மானமாயிற்று. அதன் விலை உணரியின் விலையில் ஒரு சிறு பங்குதான். உணரியைத் துணியால் துடைத்து நிழலில் காயவைத்தார்கள். ரின்னில் மிஞ்சிய பெற்றோலைத் தகப்பனார் கொட்டவில்லை. சிறு போத்தல் ஒன்றில் ஊற்றி, மூடி இறுக்கி, உள்ளே கொண்டுபோனார்.