ஆடகசவுந்தரியும் கிளேயரும்

கோணேசர் கோயிலோடு சேர்ந்து ஒரு காதற்கதை திருகோணமலையில் வழங்கி வருகிறது. கலிங்க அரசனுக்குப் பெண் பிறக்கிறாள். அவளால் நாடு கெடும் என்று சோதிடர் சொல்ல, குழந்தையைப் பெட்டியில் வைத்துக் கடலில் விட்டுவிடுகிறார்கள். பெட்டி இலங்கையில் கரை சேர்கிறது. எடுத்து வளர்த்த அரசனுக்குப் பின் அவளே உன்னாசகிரியில் அரசியாகிறாள். அவள்தான் ஆடகசவுந்தரி. சோழநாட்டிலிருந்து வந்த குளக்கோட்டன் கோணமலையில் திருப்பணி செய்வதைக் கேள்விப்பட்டு, அவனைத் துரத்தப் படை அனுப்புகிறாள். போன காரியம் ஒன்று, முடிந்த காரியம் வேறொன்று: இருவருக்கும் கல்யாணம். கந்தளாய்க் குளத்தைக் கட்டப் பூதங்கள் கைகொடுத்தன என்பது கதையின் மிச்சம்.

இதன் பக்கத்தில் நான் வைத்துப் பார்ப்பது ஒரு யப்பானியச் சித்திரக்கதையை. இனோரி என்பவர் 2018இல் இணையத்தில் எழுதத் தொடங்கிய நாவலை, அவோனோஷிமோ 2020 முதல் மங்காவாக வரைந்தார். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் இன் லவ் வித் த வில்லனெஸ்' என்று பெயர். 2023இல் அனிமேயாகவும் வந்தது. அலுவலக வேலையில் களைத்துப்போன ஒருத்தி, தான் விளையாடிய வீடியோ விளையாட்டின் உலகத்துக்குள்ளேயே ரே டெய்லர் என்ற ஏழைப் பெண்ணாகக் கண்விழிக்கிறாள். அங்கே மந்திரம் கற்பிக்கும் கல்லூரி இருக்கிறது, மூன்று இளவரசர்கள் இருக்கிறார்கள். விளையாட்டின் விதிப்படி அவர்களில் ஒருவனை அவள் காதலிக்க வேண்டும். ரேயின் கண் அவர்கள் மேல் போகவே இல்லை. கதையின் வில்லியாகிய கிளேயர் பிரான்சுவா என்ற பிரபு வீட்டுப் பெண்ணிடம் நேரே போய், உன்னை நேசிக்கிறேன் என்கிறாள். கிளேயர் திட்டினால் ரேக்கு ஆனந்தம். இன்னும் திட்டச் சொல்லிக் கேட்கிறாள். சிரிக்காமல் அந்தப் பக்கங்களைக் கடக்க முடியாது.

இரண்டு நாயகிகளும் ஒரே வார்ப்பு. செருக்கும் அதிகாரமும் உள்ளவர்கள், எதிர்த்து நிற்பவர்கள். வேறுபாடு அவர்களுடைய மறுப்புக்குக் கதை தரும் இடத்தில் இருக்கிறது. ஆடகசவுந்தரி ஒரு முறைதான் எதிர்க்கிறாள், அதுவும் படையின் வழியாக. அவள் மனம் எப்போது, எதனால் மாறியது என்று தலமரபு சொல்வதில்லை. கோயிலுக்கு ஒரு குளம் தேவை, அரசனுக்கு ஓர் அரசி தேவை. அவளுக்கு என்ன தேவை என்று கேட்க அங்கே ஆளில்லை. கிளேயரோ பக்கத்துக்குப் பக்கம் மறுக்கிறாள். கோபப்படுகிறாள், வெட்கப்படுகிறாள், ஓடுகிறாள். நகைச்சுவையே அவளுக்குப் பேச இடம் கொடுக்கிறது.

ஒரு காட்சி என்னை நிறுத்திவிட்டது. நீ பெண்களைத்தான் விரும்புகிறவளா என்று தோழி மிஷா ரேயிடம் கேட்கிறாள். ரே ஆமென்றதும் கிளேயர் தன்னை அறியாமல் மிரள்கிறாள். இங்கே ஒரு நொடி சிரிப்பு நின்றுபோகிறது. பெண்ணை விரும்புகிறவள் என்பதற்காக ஒருத்தியை ஆபத்தாகப் பார்ப்பது தப்பெண்ணம் என்ற பேச்சு வெளிப்படையாக நடக்கிறது. தனக்குப் பதில் அன்பு வேண்டாம், நேசிக்க முடிந்தாலே போதும் என்கிறாள் ரே. இத்தனை நேரம் அவள் அடித்த கூத்தெல்லாம் அடிபட்ட மனதின் காவல் என்று அப்போது புரிகிறது. சிரிப்பு அவளுடைய கூச்சமின்மையைப் பார்த்து வந்ததே தவிர, பெண் பெண்ணை விரும்புவதைப் பார்த்து வந்ததல்ல. நம் சினிமா நகைச்சுவை இந்த இடத்தில் பல முறை தவறியிருக்கிறது. பெண்மை கலந்த ஆண் திரையில் வந்தாலே கேலி என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். கிழக்கிலங்கையின் கூத்துக்களரியில் ஆண்களே பெண்வேடம் கட்டி அரசிகளாக ஆடியபோது ஊர் விடிய விடிய மரியாதையோடு பார்த்ததையும் இங்கே நினைக்க வேண்டும்.

ரேயும் கிளேயரும் பின்னர் இரண்டு பெண்பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்க்கிறார்கள். அவர்களைப் படைத்த யப்பானிலேயே ஒருபாலினத் திருமணத்துக்கு நாடு தழுவிய சட்டம் இல்லை. இலங்கையில் நிலைமை இன்னும் கடினம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு ஒருபாலுறவைக் குற்றமாக்கி, ஆண்களை மட்டும் குறிவைத்தது. 1995 திருத்தம் பெண்களையும் அதற்குள் இழுத்தது. குற்றநீக்கத்துக்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. அது சட்டமாகாமலே 2024இல் பாராளுமன்றம் கலைந்தது.

கடலில் மிதந்துவந்த குழந்தை, அரசாளும் பெண், ஏவல் கேட்கும் பூதங்கள் என்று ஒரு மாய உலகத்துக்கு வேண்டிய அத்தனையும் நம் தலக்கதையில் உண்டு. அதில் குறைவது அரசியின் வாய்ச்சொல் ஒன்றுதான். படம் வரையத் தெரிந்த திருகோணமலைப் பிள்ளைகள் யாராவது இதை எடுத்து வரைய வேண்டும். உன்னாசகிரி அரண்மனையில் ஆடகசவுந்தரி வாய்திறந்து மறுக்கட்டும், வாதாடட்டும், தனக்குப் பிடித்தவர் ஆணோ பெண்ணோ அவளே தெரிந்தெடுக்கட்டும். அப்படி ஒரு புத்தகம் வந்தால் நான் முதலில் வாங்குவேன், நீங்களும் வாங்குங்கள்.