பண்பாட்டைத் தனித் தாளாக்கலாமா? மொழிபெயர்ப்புப் பள்ளிகளின் வரலாற்றிலிருந்து ஒரு வாதம்

அயல்மொழி, மொழிபெயர்ப்பு, பண்பாட்டிடைத் தொடர்பாடல் ஆகிய மூன்றையும் சேர்த்து நடத்தும் பல்கலைக்கழகப் பள்ளிகள் பலவற்றில் பாடத்திட்டம் ஒரே வார்ப்பில் இருக்கிறது. முதலில் மொழி, அடுத்து மொழிபெயர்ப்பு, கடைசியில் பண்பாடு. அதுவும் பெரும்பாலும் விருப்பப்பாடமாக. அடித்தளத்திலிருந்து மேலே கட்டுவதுபோல இந்த வரிசை தோன்றும். ஆனால் இத்துறை வளர்ந்த விதம் வேறு. மொழிபெயர்ப்பறிவும் பண்பாட்டறிவும் பயிற்சி வகுப்பில் ஒன்றாகவே உருவானவை. அவற்றைத் தனித்தனித் தாள்களாகப் பிரித்தது பிற்காலத்து நிர்வாக வசதி.

ஜெனீவாப் பல்கலைக்கழகத்தின் பள்ளியிலிருந்தே தொடங்கலாம். 1941இல், போருக்கு நடுவே, அந்துவான் வெல்மன் அதை நிறுவினார். நாடுகளின் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) இயங்கிய ஊர் அது. பேச்சாளர் பேசி முடித்ததும் எழுந்து முழு உரையையும் வேறு மொழியில் சொல்லும் தொடர் உரைபெயர்ப்பு அங்கே முன்பே வேரூன்றியிருந்தது. அங்கு கற்பித்த ழான்-பிரான்சுவா ரொசான் 1956இல் வெளியிட்ட குறிப்பெடுக்கும் கையேடு இன்றும் வகுப்புகளில் பயன்படுகிறது. அதன் முதல் விதி, சொல்லை எழுதாதே, கருத்தை எழுது என்பது. மாணவர் தாளில் இடமிருந்து வலமாக வரிசையாக எழுதுவதில்லை. மேலிருந்து கீழாக, படிப்படியாக உள்தள்ளி எழுதுகிறார். யார், என்ன செய்தார், எதை என்பது சாய்வாக இறங்கும். ‘ஆனால்’, ‘ஆகவே’ போன்ற இணைப்புகளைத் தவறவிடக் கூடாது. வாதத்தின் போக்கே அவற்றில்தான் இருக்கிறது. ஐந்து நிமிடப் பேச்சு சில தாள்களில் அடங்கிவிடும். பார்ப்பதற்குக் குறிப்பெடுக்கும் உத்திதான். உண்மையில் பேச்சாளர் எதை நிறுவ வந்தார் என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுக்கும் பயிற்சி இது.

இப்பள்ளியில் பயின்றவர்கள் சிலர், நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணைக்குப் போனார்கள். 1945 நவம்பர் 20இல் தொடங்கிய அவ்விசாரணை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் என நான்கு மொழிகளில் நடந்தது. ஒவ்வொரு சொற்றொடரையும் நிறுத்தி நிறுத்திப் பெயர்த்திருந்தால் வழக்கு பல மடங்கு நீண்டிருக்கும். அமெரிக்க ராணுவ அதிகாரி லியோன் டோஸ்டர்ட் ஐபிஎம் கருவிகளைக் கொண்டு உடனுக்குடன் பெயர்க்கும் ஏற்பாட்டைச் செய்தார். பேச்சாளர் வேகம் கூட்டினால் மஞ்சள் விளக்கு எரியும். நிறுத்த வேண்டுமென்றால் சிவப்பு. ஆள் தேர்வில்தான் பெரிய பாடம் கிடைத்தது. பன்மொழிப் புலமையாளர் பலர் சோதனையில் தேறவில்லை. எடுத்துக்காட்டாக, ஜெர்மன் துணைவாக்கியத்தில் வினை கடைசியில் வரும். தமிழிலும் வினைமுற்று இறுதியில்தான் என்பதால் சிக்கல் நமக்கு எளிதில் விளங்கும். காத்திருந்தால் அடுத்த வாக்கியம் போய்விடும். ஊகித்தால் குற்றவாளிக் கூண்டில் இருப்பவர் சொல்லாததைச் சொன்னதாகிவிடும். இலக்கணம் தெரிந்தால் மட்டும் போதாது. சாட்சி எந்த அலுவலகப் பழக்கத்தில் பேசுகிறார், எங்கே மழுப்புவார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வினை வரும் முன்பே அதைக் கணிக்க உதவுவது அந்தப் பண்பாட்டறிவுதான்.

பண்பாட்டிடைத் தொடர்பாடல் என்ற துறையின் பிறப்பும் இதைப் போன்றதே. மானிடவியலர் எட்வர்ட் ஹால் 1950களின் முற்பகுதியில் அமெரிக்க வெளியுறவுப் பணிப் பயிற்சி நிறுவனத்தில் கற்பித்தார். வெளிநாடு செல்லவிருந்த அதிகாரிகளுக்குப் பண்பாடு பற்றிய பொதுவான விரிவுரைகள் சலித்துப்போயின. அங்கே போய் என்ன செய்வது என்றுதான் அவர்கள் கேட்டார்கள். ஹால் சின்னச் சின்ன நடத்தைகளின் பக்கம் திரும்பினார்: எவ்வளவு நேரம் காக்க வைத்தால் அவமதிப்பு, எவ்வளவு நெருங்கி நின்று பேசலாம், பேரம் எப்போது தொடங்கலாம். 1959இல் வெளிவந்த ‘சைலண்ட் லாங்குவேஜ்’ அந்த வகுப்பறையின் விளைச்சல். இன்றைய பாடநூல்களில் ஹாலைவிட, டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட் நாடுகளின் பண்பாட்டுக்கு அளித்த மதிப்பெண்கள்தான் அதிகம் மனப்பாடம் செய்யப்படுகின்றன. ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்தாய்விலிருந்து வந்த எண்கள் அவை. நாடுகளை ஒப்பிட உதவலாம். முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் தயக்கத்தைப் படிக்க உதவா.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இதெல்லாம் தொழிற்பயிற்சி, பல்கலைக்கழகத்துக்குரிய கோட்பாட்டறிவு அல்ல என்பார்கள். கோட்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இம்மறுப்பு நிற்காது. பாரிஸில் 1957இல் தொடங்கிய பள்ளியில் கற்பித்த தனிக்கா செலெஸ்கோவிச், உரைபெயர்ப்பாளராக இருந்த அனுபவத்திலிருந்தே பொருட்கோட்பாட்டை உருவாக்கினார்: பெயர்ப்பவர் சொல்லை உதிர்த்துவிட்டுப் பொருளை மட்டும் கொண்டுசெல்கிறார். ஜெர்மனியின் கெர்மர்ஸ்ஹைமில், 1947இல் நிறுவப்பட்ட பள்ளியில் பேராசிரியராக இருந்த ஹான்ஸ் வெர்மியர், 1978இல் ஸ்கோபோஸ் கோட்பாட்டை முன்வைத்தார். பெயர்ப்பு யாருக்காக, எதற்காக என்பதே அதன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்றார். மூல நூலின் பீடத்தை அசைத்த இந்தக் கருத்து, இலக்கிய மொழிபெயர்ப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த துறைகளில் அவ்வளவு எளிதில் பிறந்திருக்காது.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்தபின் இப்பள்ளிகள் எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. நியூரம்பர்க்கில் உடனுக்குடன் பெயர்க்கும் ஏற்பாட்டைச் செய்த அதே டோஸ்டர்ட்தான், 1954இல் ஐபிஎம்முடன் சேர்ந்து ரஷ்ய வாக்கியங்களைக் கணினியில் பெயர்த்துக் காட்டினார். சொற்கள் 250, விதிகள் ஆறு. இன்றைய இயந்திரம் அதைவிடப் பல படி மேலே போய்விட்டது. அதனாலேயே, நோக்கத்தைத் தீர்மானிப்பதும் அதற்குப் பொறுப்பேற்பதும் மனிதப் பயிற்சியின் மையமாகிறது. வெறும் மொழித்திறனை மட்டும் சோதிக்கும் தேர்வு இனி எதையும் சோதிப்பதில்லை.

பண்பாட்டுத் தாளுக்கு ஒதுக்கிய மணிநேரங்களைப் பாடத்திட்டக் குழுக்கள் பெயர்ப்பு வகுப்புக்கே திருப்பித் தர வேண்டும். பேச்சாளராக மூலமொழிக்காரர் ஒருவரை உட்கார வைத்து, மதிப்பெண்ணில் ஒரு பங்கைப் பெயர்ப்பைக் கேட்பவரின் கையில் கொடுக்க வேண்டும். கூடுதல் பணியிடமோ புதிய கட்டடமோ தேவைப்படாத மாற்றம் இது. கால அட்டவணையைத் திருத்தினால் போதும்.