சந்தைக் கூடையும் சாலை அடுப்பும்

"ஒரு முருங்கைக்காய் வாங்கத் தெரியவில்லை. உங்கள் நாவல்களில் வருகிறவர்கள் எல்லாம் எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறார்களோ!" என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள்.

கேள்வியில் நியாயம் இருந்தது. அது மார்கழி மாதம். முருங்கைக்காய்ச் சாம்பார்தான் வேண்டும் என்று வீட்டிலேயே தீர்மானம் செய்துகொண்டு கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். மழைக் காலத்தில் முருங்கைக்காய் என்ன விலை விற்கும் என்பது வீடு நடத்துகிறவர்களுக்குத் தெரியும்; கதை நடத்துகிறவனுக்குத் தெரியவில்லை. நான் நான்கு காய்களுக்குக் கொடுத்து வந்த பணத்தில் மூன்று நாளைக்கான பரங்கிக்காயும் முள்ளங்கியும் வாங்கியிருக்கலாமாம்.

"என்ன சமைப்பது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. சந்தையைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்" என்று அவள் தீர்ப்பளித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே வார்த்தையை அறுபது ஆண்டுகளுக்கு முன் என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாமியாரும் மருமகளும் ஒரே அபிப்பிராயம் கொண்ட சில விஷயங்களில் இதுவும் ஒன்று போலிருக்கிறது.

எங்கள் ஊர் வடலூருக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் இடையில் ஒரு சிறு கிராமம். அம்மா சந்தைக்குக் கிளம்புவது எப்போதும் வெயில் சாய்ந்த பிறகுதான். காலைச் சந்தை கையில் காசு உள்ளவர்களுக்கு என்பாள். நெய்வேலியில் சுரங்கமும் மின்சார நிலையமும் வந்து, மாதச் சம்பளக்காரர்கள் பெருகிவிட்ட காலம் அது. அவர்கள் பொறுக்கி எடுத்துக்கொண்டு போன பிறகு, மிச்சத்தை மூட்டை கட்டித் திரும்ப மனமில்லாத வியாபாரிகள் காய்களைக் கூறு கட்டி வைப்பார்கள். சூரியன் இறங்க இறங்கக் கூறு பெரிதாகும், விலை சிறிதாகும். அம்மா நான்கு தடவை சுற்றி வருவாள். ஐந்தாவது தடவைதான் முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள்.

கூடையில் வந்து சேர்ந்ததைக் கொண்டுதான் அடுத்த சந்தை வரையில் எங்கள் வீட்டுச் சாப்பாடு. வாடும் கீரை முதல் நாள். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் இரண்டாம் மூன்றாம் நாள். பரங்கியும் கருணைக்கிழங்கும் கடைசி நாட்களுக்கு. முற்றிப்போன வெண்டைக்காயும் கூடுதலாக வந்த கொத்தவரையும் மோரில் ஊறி, வெயிலில் காய்ந்து வற்றலாகும். புளியை மாசி பங்குனியில், புதுப்புளி வந்து குவியும்போது, ஒரு வருஷத்துக்கு வாங்கிக் கொட்டை எடுத்து உப்போடு பானையில் அடைத்துவிடுவாள். பண்ணுருட்டிப் பலாப்பழக் காலத்தில் பழம் வாங்குவது எங்களுக்குப் பெரிய செலவு. ஆனால் பழம் தின்றவர்கள் விட்ட கொட்டையைப் பொறுக்கி வந்தால் பத்து நாளைக்குக் குழம்பு வைக்கலாம். பலாக்கொட்டையை மணலில் புதைத்து வைத்து ஆடி மாதத்தில் எடுத்துச் சமைத்த குழம்பின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

இந்த வித்தைக்கெல்லாம் யாரும் சரித்திரம் எழுதவில்லை. ஆனால் இதே வடலூரில், இதே வித்தையை ஊருக்கே பொதுவாகச் செய்த ஓர் அடுப்புக்குச் சரித்திரம் இருக்கிறது.

1866-ஆம் வருஷம் ஒரிஸாவில் கொடிய பஞ்சம். சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தின் சில பகுதிகளையும் அந்தப் பஞ்சம் தொட்டது. அடுத்த வருஷம், 1867 மே 23-ஆம் தேதி, வடலூரில் இராமலிங்க சுவாமிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சென்னை வாழ்க்கையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கருங்குழியில் வந்து தங்கியிருந்தவர் அவர். பார்வதிபுரத்து மக்கள் ஏறக்குறைய எண்பது காணி நிலத்தைக் கொடுத்தார்கள். சாதி, மதம், ஊர், பேர் எதையும் விசாரியாமல், பசித்து வந்தவருக்குச் சோறு போடுவது என்பது ஏற்பாடு. அன்று மூட்டிய அடுப்பு இன்று வரை அணையாமல் எரிகிறது என்பது வடலூரின் பெருமை. அடுப்பின் நீளம் 21 அடி.

சுவாமிகளை ஞானியாக, கவியாக நாம் அறிவோம். அவருக்குள் ஒரு நல்ல குடும்பத் தலைவியும் இருந்தாள் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற உரைநடை நூலில் பசி என்ன செய்யும் என்பதை அங்கம் அங்கமாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். பசித்தவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும். அன்றாட ஒழுக்கத்தைப் பற்றி அவர் எழுதியதிலோ, எந்தக் காய் நல்லது, எந்தக் கீரை நல்லது என்று சமையலறைக்குள்ளேயே வந்துவிடுகிறார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை என்று அவர் போற்றும் பச்சிலைகளைப் பாருங்கள். கரிசலாங்கண்ணி வரப்பில் கிடக்கிறது. மற்ற இரண்டும் வேலியில் படர்கின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. குனிந்து பறிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாலையின் சமையலும் சந்தைக் கூடைச் சமையலே. தைப்பூசத்தை ஒட்டிக் கிராமம் கிராமமாக மக்கள் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அன்று தலைச்சுமையாகவும் மாட்டு வண்டியிலும் வந்தவை இன்று லாரியில் வருகின்றன. ஒருமுறை அங்கே சமைக்கிறவர் ஒருவரிடம், "நாளைக்கு என்ன குழம்பு?" என்று விசாரித்தேன். "நாளைக்கு என்ன காய் வருதோ, அந்தக் குழம்பு" என்றார். பூசணிக்காய் வந்தால் பூசணிக்காய், வாழைக்காய் வந்தால் வாழைக்காய். எது மாறினாலும், இத்தனை பேருக்குத்தான் சோறு என்ற வரம்பு மட்டும் முதலில் போடப்படுவதில்லை.

இப்போது இன்னொரு கணக்கைச் சொல்கிறேன். இதுவும் சிக்கனக் கணக்குத்தான்.

சர் ரிச்சர்டு டெம்பிள் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி. 1874-இல் பீஹாரில் பஞ்சம் வந்தபோது, பர்மாவிலிருந்து தாராளமாக அரிசி வரவழைத்துப் பெருஞ்சாவு நேராமல் காத்தவர் அவர். மனிதர்களைக் காப்பாற்றியதற்கு அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. இத்தனை பணத்தை வாரி இறைக்கலாமா என்று வசை! மனிதர் பாடம் கற்றுக்கொண்டுவிட்டார்.

1876-இல் மழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பிடித்தது. 1877 ஜனவரியில் டில்லியில் விக்டோரியா ராணியைச் சக்ரவர்த்தினியாக அறிவிக்கும் தர்பார் கோலாகலமாக நடந்தது. அதே மாதத்தில் வைஸ்ராய் லிட்டன் பிரபு டெம்பிளைத் தெற்கே அனுப்பினார். இந்த முறை டெம்பிள் கைச்செட்டாக இருந்தார். நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் அதற்கு மேல் ஓர் அணாவும் போதும். பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதற்கும் குறைவு என்று விதித்தார். 'டெம்பிள் கூலி' என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். பழைய கணக்கில் இரண்டரை ஆழாக்கு வரும். "நாங்கள் அவ்வளவு சாப்பிடுவதில்லையே" என்று இதைப் படிக்கும் சகோதரிகள் நினைக்கலாம். நாம் நிழலில் உட்கார்ந்து, பருப்பும் காயும் எண்ணெயும் மோருமாகச் சாப்பிடுகிறோம். அவர்கள் நாள் முழுவதும் வெயிலில் மண் வெட்டியும் கல் உடைத்தும் வேலை செய்தார்கள். உப்பு, புளி, பருப்பு, விறகு எல்லாம் அந்த ஓர் அணாவுக்குள். அதுவும் பஞ்ச விலையில்! வீட்டுக் கணக்கு எழுதும் எந்தப் பெண்ணிடம் காட்டியிருந்தாலும், இது நடக்காது என்று ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்.

சொல்வதற்கும் ஒருவர் இருந்தார். சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடினார். பிறகு பாதி இறங்கி வந்தார்கள்: ஒன்றேகால் ராத்தல் தானியம், கொஞ்சம் பருப்பு. அந்தக் கால் ராத்தலுக்காக இரண்டு அதிகாரிகள் காகிதத்தில் மல்லுக்கு நின்ற மாதங்களில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சம் முடிவதற்குள் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பத்தைந்து லட்சம் பேர் மாண்டார்கள் என்பது ஒரு மதிப்பீடு.

டெம்பிளைக் கல்நெஞ்சன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பீஹாரில் அவருக்கும் நெஞ்சு இருந்தது. செலவுக்காக வசை வாங்கியவர், அடுத்த முறை செலவுத் தொகையை முதலில் எழுதிவிட்டு, மனிதர்களை அதற்குள் அடக்கப் பார்த்தார். அம்மாவும் சாலையும் மனிதர்களை முதலில் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு கூடையைப் பார்த்தார்கள். இரண்டுக்கும் சிக்கனம் என்றுதான் பெயர். ஒரு சிக்கனத்தில் காய் மாறும். மற்றதில் ஆள் குறையும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது சரித்திரப் புத்தகம் அல்ல.

1965-லும் 1966-லும் மழை இல்லை. தேசம் முழுவதும் உணவுத் தட்டுப்பாடு. அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கிற்று. 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை இரவு ஒரு வேளை உணவை விட்டுக்கொடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒப்பித்தேன். "திங்கட்கிழமை மட்டும் போதுமாமா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பை ஊதினாள். அதன் அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை. அவள் கடைசியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தட்டில் என்ன இருந்தது என்று பார்த்ததில்லை.

அப்பா ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அரவைக்கு நெல் வராமல் ஆலையை மூடிவிட்டார்கள். இரண்டு மாதம் சம்பளம் இல்லை. கீரை, பலாக்கொட்டை, வற்றல் என்று அம்மாவின் வித்தைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஒரு நாள் அரிசிப் பானையும் தீர்ந்தது.

அடுப்பங்கரை மூலையில் ஒரு கலயம் உண்டு. ஒவ்வொரு நாளும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து அம்மா அதில் போடுவாள். பிடியரிசிக் கலயம். தைப்பூசத்துக்கு ஊர் வண்டியில் சாலைக்குப் போக வேண்டிய அரிசி அது. அன்று மாலை அம்மா அந்தக் கலயத்தை இழுத்து முன்னால் வைத்தாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "சாலைக்குன்னு எடுத்து வெச்சதாச்சே" என்றார்.

"பசிச்சவங்களுக்குன்னு எடுத்து வெச்சதுங்க. இன்னைக்குப் பசிச்சிருக்கிறது நம்ம புள்ளைங்க" என்றாள் அம்மா.

மூன்று ஆழாக்கு அளந்து முறத்தில் கொட்டினாள். கல் பொறுக்கினாள். களைந்து உலையில் போடப் போகும் சமயத்தில், கை வழக்கப்படி ஒரு பிடி எடுத்து மறுபடி அதே கலயத்தில் போட்டாள்!

எனக்கு அப்போது ஒன்பது வயது. கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர். "ஏம்மா, அதுலேருந்து எடுத்து அதுலேயே போடறியே, என்ன கணக்கு இது?" என்று சிரித்தேன்.

"கணக்கு உனக்குத் தெரியும் தம்பி. நாளைக்கு யாராச்சும் வந்து நின்னா?" என்றாள்.

மறுவருஷம் ஆட்சி மாறிற்று; சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள். ஆலையும் திறந்தது. 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இவையெல்லாம் நாடு அடைந்த முன்னேற்றம். அந்த மாலையைப் போன்ற ஒரு மாலை எத்தனையோ வீடுகளில் வராமல் போனதற்கு இவை காரணம்.

ஆனால் டெம்பிளின் கணக்கை எங்கே படித்தாலும், எனக்கு அந்தக் கலயம்தான் ஞாபகம் வருகிறது. அம்மாவுக்கும் மொத்தம் எவ்வளவு என்று தெரியும். அவள் கணக்கிலும் தானியம் போதவில்லை. அப்படியும் இன்னும் வராத ஓர் ஆளை அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

போன வாரம் நான் மறுபடி கடைத்தெருவுக்குப் போனேன். எதையும் தீர்மானம் செய்துகொள்ளாமல், நான்கு தடவை சுற்றிவிட்டு, ஒரு கூறு புடலங்காயும் கட்டுக் கீரையும் வாங்கி வந்தேன். மனைவி பையைப் பிரித்துப் பார்த்தாள்.

"பரவாயில்லையே! இன்னும் ஒருவர் சாப்பாட்டுக்கு வந்தாலும் போதும்" என்றாள்.

எந்த விமரிசகரும் எனக்கு இப்படி ஒரு பாராட்டு வழங்கியதில்லை.