கயிலைக்கு இரண்டு வழி

தம்பலகாமத்தில் பிறந்தவர்களுக்குக் கயிலை வீட்டுப் பேச்சிலேயே புழங்குகிற பெயர். திருக்கோணமலைச் சுவாமிமலையைத் தட்சிண கயிலாயம் என்கிறோம். 1620களில் போர்த்துக்கேயர் அங்கிருந்த கோயிலை இடித்தபோது காப்பாற்றிக் கொண்டுவந்த திருவுருவங்களே எங்கள் ஆதிகோணநாயகர் கோயிலில் இருப்பவை என்று ஊரார் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். மலையை விட்டு வந்த சுவாமியை வயல்வெளி நடுவே வைத்துக் கும்பிடுகிற ஊர் இது. வடக்கே உள்ள கயிலை மலையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இங்கே பலருக்கு உண்டு.

லிபுலேக், நாதுலா கணவாய்கள் வழியே இந்திய அரசு நடத்தும் யாத்திரை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமானது. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு முக்கியமாக மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, காத்மாண்டு சென்று கேருங் எல்லையால் திபெத்துக்குள் ஏறுவது. மற்றது, சீனாவுக்குள் இறங்கி, சினிங் நகரிலிருந்து புகையிரதத்தில் லாசா போய், அங்கிருந்து மேற்கே செல்வது. நம்மவர் பெரும்பாலும் முதல் வழியைத்தான் கேட்டறிகிறார்கள். நாள் குறைவு, செலவு குறைவு, கூட வருவோரும் நம்மைப் போன்ற சைவர்கள், சமையற்காரரையும் கூட்டிப்போகலாம். இவையெல்லாம் மெய்யான வசதிகள்.

ஆனால் உடம்பு வேறு கணக்குச் சொல்லும். நாம் கடல்மட்டத்து மனிதர்கள். 3,000 மீற்றருக்கு மேலே போனால், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலைமருத்துவம் சொல்லும் விதி. கேருங் ஏறத்தாழ 2,800 மீற்றர். அடுத்த தங்குமிடமாகப் பலர் கொள்ளும் சாகா 4,400 மீற்றருக்கும் மேல். ஒரே பகலில் ஆயிரத்து அறுநூறு மீற்றர்! தலையிடியும் வாந்தியும் மூச்சுத்திணறலுமாக, மானசரோவர் ஏரிக் கரையோடு திரும்பிவருவோர் உண்டு. அது பக்திக் குறைவு அன்று, ஏறிய வேகம்.

சினிங் 2,275 மீற்றர். அங்கே சில நாள் தங்கி, லாசாவில் (3,650) மூன்று நாள், ஷிகாட்சேயில் (3,840) ஒரு நாள் என்று படிப்படியாக ஏறினால் குருதி மெல்லப் பழகிக்கொள்கிறது. இடையில் புகையிரதம் 5,072 மீற்றர் உயரத்துத் தாங்குலா கணவாயைக் கடப்பது உண்மைதான். ஆனால் பெட்டிகளில் ஒட்சிசன் வசதி உண்டு, அந்த உயரத்தில் நாம் தங்குவதும் இல்லை.

அனுமதி விடயத்திலும் வேறுபாடு பெரிது. காத்மாண்டு வழியில் குழு விசா. குழுவாகப் போய்க் குழுவாகவே திரும்ப வேண்டும். லாசாவுக்கும் அப்பாலும் செல்ல, எந்த வழியில் வந்தாலும் தனி அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். ஆனால் அம்டோ என்று திபெத்தியர் அழைக்கும் சிங்காய், கான்சுப் பகுதிகளில் பொதுவாகச் சீன விசாவே போதும். உள்ளூர் பஸ்ஸில் ஏறி நம் விருப்பப்படி போகலாம்.

எனக்கு அந்த அம்டோதான் முக்கியம். சினிங்குக்கு அருகே கும்பும் மடம் இருக்கிறது. அது 1357இல் திபெத்திய பௌத்தப் பேராசான் சோங்கபா பிறந்த இடம். நகரத்துக்குள்ளே டோங்குவான் பெரிய பள்ளிவாசலும் ஹுய் முஸ்லிம்களின் கடைத்தெருவும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கந்தளாய்க் குளத்து நீரில் வேளாண்மை செய்யும் ஊரவருக்கு அந்தத் தெரு அந்நியமாக இராது. அங்கிருந்து லாப்ராங் போகலாம். 1709இல் எழுந்த மடம் அது. அதைச் சுற்றிய நெடும்பாதையில் கிழவிகள் விடியற்காலையில் வழிபாட்டு உருளைகளைத் தள்ளிக்கொண்டு வலம் வருவார்கள். வறுத்த பார்லி மாவை வெண்ணெய்த் தேநீரில் குழைத்து உருண்டை பிடித்துச் சாப்பிடுவார்கள். குரக்கன் மா தின்ற கைக்கு அந்தப் பக்குவம் உடனே புரியும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு மலையடிக்குப் போகிறவர் வேறு கண்ணோடு போகிறார். 6,638 மீற்றர் உயர்ந்த அந்தச் சிகரம் திபெத்தியருக்கு காங் ரின்போச்சே. சமணருக்கு ரிஷபர் வீடுபெற்ற இடம். 52 கிலோமீற்றர்ச் சுற்றுப்பாதையில் நாமும் பௌத்தரும் வலமாகச் சுற்ற, திபெத்தின் பழைய பொன் சமயத்தார் இடமாக எதிரே வருவார்கள். காத்மாண்டு வழியில் ஓடிப்போய் ஓடிவருபவர் நம் சிவனை மட்டும் கும்பிட்டுத் திரும்புகிறார். அந்த மலையைக் காலங்காலமாகக் கும்பிட்டுவரும் சனங்கள் அவர் கண்ணில் படுவதில்லை. தங்கள் சுவாமியின் மலைக்கோயில் அழிக்கப்பட்ட கதையைச் சொல்லி வளர்ந்த ஊரவர், இன்னொரு சனத்தின் மலைக்கு இப்படிப் போய்வருவது சரியில்லை என்று நினைக்கிறேன்.

பத்து நாளாவது கூடும், பணமும் கூடும். ஆனாலும் வாழ்நாளில் ஒருமுறைதான் போக முடியும் என்றால் சினிங் வழியே போங்கள். சுற்றுப்பாதையில் 5,630 மீற்றர் உயரத்து டோல்மா கணவாயைக் கால்நடையாகக் கடக்க வேண்டும். ஆகவே நெஞ்சையும் இரத்த அழுத்தத்தையும் முன்கூட்டியே வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுபோக வெட்டு முடிந்து, நெல் வீட்டுக்கு வந்த பின், செப்டெம்பரில் புறப்படுங்கள். அங்கே மழை விலகி மலை தெளிவாகத் தெரியும் காலம் அது.