மைக்ரேன்: வாந்தி, கண் கூச்சம், கழுத்து இறுக்கம்... தலைவலியோடு வரும் தொல்லைகளை ஏன் கவனிக்க வேண்டும்?

விடியும் முன்பே எழுந்து, டிபனைத் தள்ளிப்போட்டு, மாரிக்குப்பத்தில் இருந்து வரும் பெங்களூரு ரயிலை சாம்பியன் ஸ்டேஷனில் பிடிக்கிறீர்கள். பங்காருப்பேட்டை தாண்டியதும் வெயிலும் மர நிழலும் மாறி மாறி முகத்தில் அடிக்கின்றன. கண் கூசுகிறது. எதிரில் இருப்பவர் போட்ட சென்ட் வாசனை குமட்டுகிறது. யாரோ பார்க்கும் ரீல்ஸ் சத்தம் மண்டைக்குள் இடிக்கிறது. தலைவலி இன்னும் சரியாக ஆரம்பிக்கவே இல்லை.

"ராத்திரி சரியா சாப்பிடல, பித்தம் தலைக்கு ஏறிடுச்சு" என்பார்கள் வீட்டில். மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை கொடுப்பார்கள். ஆனால், இந்தக் கூச்சமும் குமட்டலும் மைக்ரேனின் பகுதியாக இருக்கலாம்.

2001 பிப்ரவரியில் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, சாம்பியன் ரீப்ஸ் போன்ற பகுதிகளில் பலருக்கு வேலை என்றாலே தினமும் பெங்களூரு போய் வருவதுதான். போக வர சுமார் 200 கி.மீ. தூக்கக் குறைவும் நேரம் தவறிய சாப்பாடும் மைக்ரேனைத் தூண்டக்கூடியவை. பெங்களூரு நகரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று 2,329 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2015-ல் வெளியானது. அதன்படி, ஓராண்டில் 25.2% பேருக்கு மைக்ரேன் இருந்தது. நான்கில் ஒருவர்!

'ஒற்றைத் தலைவலி' என்ற பெயரே குழப்புகிறது

மைக்ரேன் ஒரு பக்கம்தான் வலிக்க வேண்டும் என்பதில்லை. பலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். சர்வதேச வரையறைப்படி, சிகிச்சை எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் வரை வலி நீடிக்கும். கூடவே குமட்டலோ வாந்தியோ இருக்க வேண்டும். அல்லது வெளிச்சம், சத்தம் இரண்டுமே தாங்க முடியாமல் இருக்க வேண்டும். அதாவது, மைக்ரேனை அடையாளம் காட்டுவதே கூட வரும் இந்தத் தொல்லைகள்தான்.

வயிறு ஏன் புரட்டுகிறது?

தலையின் வலி நரம்புகள் போய்ச் சேரும் மூளைத்தண்டில்தான் வாந்தியைத் தூண்டும் பகுதிகளும் இருக்கின்றன. மைக்ரேன் நேரத்தில் இரைப்பையின் வேகமும் குறையலாம். அப்போது விழுங்கிய மாத்திரை வயிற்றிலேயே தேங்கி நிற்கும். 'மாத்திரை போட்டும் கேட்கலையே' என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாந்தியை அடக்கும் மருந்தையும் டாக்டர்கள் சேர்த்துக் கொடுப்பதும், வலி முற்றும் முன்பே மாத்திரை போடச் சொல்வதும் இதனால்தான்.

மூக்கும் ஏமாற்றும். மைக்ரேன் சிலருக்குக் கண்ணீரையும் மூக்கடைப்பையும் கொண்டுவரும். உடனே 'சைனஸ்' என்று முடிவு கட்டிவிடுவோம். தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரை அமெரிக்காவில் பரிசோதித்தார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வில், 88% பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி.

தலை வாரினால், ஹெல்மெட் மாட்டினால், கூந்தலை இறுக்கிக் கட்டினால்கூட வலிக்கிறதா? தோலே வலியாக உணரும் இந்த நிலையும் மைக்ரேனில் சகஜம்.

வலிக்கு முன்னும் பின்னும்

சிலருக்கு முந்தைய நாளே கொட்டாவி, கழுத்து இறுக்கம், காரணமில்லாத எரிச்சல், இனிப்பு மேல் ஆசை எல்லாம் வந்துவிடும். 'சாக்லேட் சாப்பிட்டேன், தலைவலி வந்துச்சு' என்று பலர் சொல்வார்கள். மைக்ரேன் ஏற்கனவே தொடங்கிவிட்டதால்தான் சாக்லேட் கேட்டதோ, யார் கண்டது!

சிலருக்குப் பார்வையில் மினுமினுக்கும் வளைகோடுகள் தெரியும், கை மரத்துப்போகும், பேச்சு தடுமாறும். இதற்கு 'ஆரா' என்று பெயர். மெதுவாகப் பரவி, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மறையும். ஆரா வரும் பெண்கள், கருத்தடை மாத்திரை எடுக்கும் முன் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டக்கூடும்.

வலி போன மறுநாளும் மூளை மந்தமாக, உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும். ஆபீஸில் 'நேத்துதானே லீவு போட்டீங்க?' என்று கேட்பவருக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். ஆனால் அதுவும் நோயின் ஒரு கட்டம்தான்.

எப்போது ஓட வேண்டும்?

நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, முகமோ கை காலோ திடீரெனச் செயலிழப்பது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, 50 வயதுக்கு மேல் முதல்முறை வரும் புதுவிதத் தலைவலி... இவற்றை மைக்ரேன் என்று விட்டுவிடக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். முதல்முறை பேச்சு குழறினாலும் அப்படித்தான்.

மற்றபடி, டாக்டரைப் பார்க்கும் முன் போனிலேயே ஒரு மாதக் கணக்கு எழுதுங்கள்: வலி வந்த நாள், தூங்கிய நேரம், கூட வந்த தொல்லைகள், போட்ட மாத்திரைகள். கடைசிக் கணக்கு ரொம்ப முக்கியம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள், டிரிப்டான் வகை மாத்திரையை 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம்.